பண்டங்களுக்குத் தடை நீக்கிய சட்டம்



‘சுங்கம்’ என்பது நமக்குப் புதிய சொல் அன்று. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் பெயர் வழங்கியதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவன் பல போர்களைக் கண்ட வேந்தன். ஆயினும், அவன் நீக்கிய வரியே அவன் பெயரோடு சேர்ந்து நின்றுவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. வணிகன் சாவடியில் கொடுக்கும் சுங்கத்தைத் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. பண்டத்தின் விலையில் ஏற்றிவிடுகின்றான். சாவடியில் ஏறிய சுமை கடைசியில் வாங்கி உண்பவன் தலையில்தான் இறங்குகின்றது.

ஒரு வேந்தன் தன் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் சுங்கத்தை நீக்குவதற்கு ஓர் ஆணை போதும். ஆனால், தனித்தனிக் கொடியும் தனித்தனிச் சட்டமன்றமும் உடைய பல நாடுகள் ஒன்றுகூடி, ‘இனி நம் எல்லைகளில் ஒருவர் பண்டத்தை மற்றவர் தடுப்பதில்லை’ என்று உறுதி செய்துகொண்டால், அந்த உறுதியைக் காப்பவர் யார்? ஒரு நாடு வாக்குத் தவறினால் தட்டிக் கேட்பவர் யார்? இக்கேள்விக்கு ஐரோப்பா கண்ட விடையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

முதலில் இந்த எண்ணம் பிறந்த சூழ்நிலையை நினைவிற் கொள்ளுங்கள். 1914-ஆம் ஆண்டிலும் 1939-ஆம் ஆண்டிலும் தொடங்கிய இரு பெரும் போர்கள் ஐரோப்பாவைச் சுடுகாடாக்கின. இனியொரு போர் எழாதிருக்க வேண்டுமானால், பகைத்த நாடுகளின் பிழைப்பையே ஒன்றோடொன்று பிணைத்துவிட வேண்டும் என்று சில பெரியோர் கருதினர். 1950-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், பிரான்சின் வெளிநாட்டு அமைச்சர் இராபர்ட் சூமன், பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைக்கவேண்டும் என்னும் திட்டத்தை வெளியிட்டார். பீரங்கி செய்யும் பொருள்கள் இவ்விரண்டுமே அல்லவா? அத்திட்டம் 1951-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஒப்பந்தமாயிற்று.

அதன் அடுத்த படியாக, 1957-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் ரோமாபுரியில் மற்றோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் ஒரு பொதுச் சந்தையை அமைத்துக்கொள்வதாக உறுதி செய்தன. 1958-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அன்று ஆறாக இருந்த நாடுகள் இன்று இருபத்தேழாக வளர்ந்திருக்கின்றன.

பொதுச் சந்தை என்பது இரண்டு பகுதிகளை உடையது. உறுப்பு நாடுகள் தமக்குள் எவ்விதச் சுங்கமும் வாங்கக் கூடாது. இது முதற் பகுதி. வெளிநாட்டிலிருந்து வரும் பண்டத்துக்கு எல்லா நாடுகளும் ஒரே விகிதத்தில் சுங்கம் வாங்கவேண்டும். இது இரண்டாம் பகுதி. இரண்டாவது எதற்கு என்று கேட்கலாம். ஒரு நாடு குறைந்த வரியும் அடுத்த நாடு மிகுந்த வரியும் வைத்திருந்தால், அயல்நாட்டுச் சரக்கெல்லாம் குறைந்த வரியுள்ள வாயில் வழியாகவே நுழைந்து எங்கும் பரவிவிடும். அதைத் தடுக்க மறுபடியும் உள்ளெல்லைகளில் சாவடி போடவேண்டி வரும். ஆகவே, உள்ளே சுவரை இடிக்க விரும்புவோர் வெளியே ஒரே மதிலை எழுப்பத்தான் வேண்டும். ஒப்பந்தம் குறித்த காலத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே, 1968-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், இவ்வேலை நிறைவேறியது.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒப்பந்தத்தில் எழுதிய சொல் உயிர்பெற்றது ஒரு வழக்கினால். நெதர்லாந்தில் ‘வான் கெண்ட் என் லோஸ்’ என்னும் நிறுவனம் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வேதிப்பொருளை வரவழைத்தது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபொழுது அதன் மீதான வரி நூற்றுக்கு 3. பிறகு அந்நாட்டு அரசினர் அப்பொருளை வேறொரு வகையில் சேர்த்து, நூற்றுக்கு 8 கேட்டனர். ‘இருந்த வரியை உயர்த்தக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்கின்றதே!’ என்று நிறுவனம் வாதாடியது. ‘ஒப்பந்தம் அரசுகள் தமக்குள் செய்துகொண்டது, ஒரு வணிகன் அதைக் காட்டி உரிமை கேட்க முடியாது’ என்பது அரசின் வாதம். பெல்ஜிய அரசும் ஜெர்மானிய அரசும்கூட அவ்வணிகனுக்கு எதிராகவே வாதிட்டன.

லக்சம்பர்க் நகரிலுள்ள பொது நீதிமன்றம் 1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. இவ்வொப்பந்தம் அரசுகளை மட்டும் கட்டுப்படுத்தும் வெறும் உடன்படிக்கை அன்று. குடிமக்களுக்கும் உரிமைகளைத் தந்திருக்கின்றது. அவ்வுரிமைகளைத் தம் நாட்டு நீதிமன்றத்திலேயே அவர்கள் கேட்டுப் பெறலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். இதன் பெருமையை எண்ணிப் பாருங்கள். அரசு வாக்குத் தவறினால் கேட்பதற்கு மற்றோர் அரசு வேண்டியதில்லை. ஒரு சாதாரண வணிகனே கேட்கலாம். ஒப்பந்தத்தைக் காக்கும் காவலர் ஒருவர் இருவர் அல்லர்; அதனால் பயனடையும் குடிமக்கள் அனைவருமே காவலர் ஆயினர்.

அச்சட்டத்தை மூன்று வாயில்களாகப் பிரித்துக்கொண்டால் நினைவில் வைப்பது எளிது. முதல் வாயில் சுங்கம். இரண்டாவது உள்நாட்டு வரி. மூன்றாவது, வரியே இல்லாத மற்றத் தடைகள்.

முதல் வாயிலைப் பார்ப்போம். சுங்கமும், சுங்கத்துக்கு ஒப்பான வேறெந்தக் கட்டணமும் கூடாது என்பது விதி. இன்றைய ஒப்பந்தத்தில் இது 30-ஆம் பிரிவு. இத்தாலிய அரசு தன் நாட்டுக் கலைச் செல்வங்களை வெளியே கொண்டு செல்வோரிடம் ஒரு வரி வாங்கிவந்தது. ‘கலைச் செல்வம் கடைச் சரக்கு அன்று’ என்பது அதன் வாதம். பணத்தால் மதிப்பிடக் கூடியதும் வாங்கி விற்கக் கூடியதுமான எதுவும் பண்டமே என்று 1968-ஆம் ஆண்டில் நீதிமன்றம் கூறிற்று. மறு ஆண்டில் பெல்ஜியத்தின் வழக்கு ஒன்று வந்தது. அந்நாட்டுக்கு வரும் பட்டைதீட்டாத வைரத்தின் மதிப்பில் நூற்றுக்கு மூன்றில் ஒரு பங்கே கட்டணம். அப்பணமும் வைரத் தொழிலாளரின் நல நிதிக்கே சென்றது. பெல்ஜியத்தில் வைரம் விளைவதே இல்லை. ஆதலால் உள்நாட்டுச் சரக்கைக் காக்கும் நோக்கமும் இல்லை. ஆயினும் கட்டணம் செல்லாது என்பதே தீர்ப்பு. தொகை சிறிது, நோக்கம் நல்லது என்று ஒரு கதவைத் திறந்துவிட்டால், அவ்வழியே எல்லாக் கட்டணங்களும் திரும்பி வந்துவிடும் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தனர்.

இரண்டாம் வாயில் சற்றுச் சூழ்ச்சி நிறைந்தது. எல்லையில் ஒன்றும் வாங்காமல், பண்டம் உள்ளே வந்தபின் அயல்நாட்டுச் சரக்குக்கு மட்டும் உள்நாட்டு வரியைக் கூட்டினால் என்ன ஆகும்? அது கதவைத் திறந்துவிட்டுக் கூடத்தில் குழி வெட்டுவதற்கு ஒப்பாகும். இதை 110-ஆம் பிரிவு தடுக்கின்றது. பிரிட்டன் உறுப்பு நாடாக இருந்தபொழுது, பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் திராட்சை மதுவுக்கு மிகுந்த வரியும், தன் நாட்டில் மிகுதியாகக் காய்ச்சப்படும் பீருக்குக் குறைந்த வரியும் விதித்திருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும் பண்டங்களே. இவ்வேற்றுமை உள்நாட்டுப் பண்டத்துக்கு மறைவாகத் துணை செய்கின்றது என்று 1983-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று.

மூன்றாம் வாயிலே மிகவும் சுவையானது. வரி என்னும் சுவர் இடிந்ததும், விதி என்னும் முள்வேலி கண்ணுக்குத் தெரிந்தது. இவ்வளவுதான் இறக்குமதி செய்யலாம் என்னும் அளவுக் கட்டுப்பாட்டையும், அதற்கு ஒப்பான பயன் விளைக்கும் எல்லா நடவடிக்கைகளையும் 34-ஆம் பிரிவு விலக்குகின்றது. ‘ஒப்பான பயன்’ என்பதற்கு என்ன பொருள்? 1974-ஆம் ஆண்டின் தாசோன்வில் வழக்கு அதற்கு விடை தந்தது. ஸ்காத்லாந்து விஸ்கியைப் பிரான்சில் வாங்கிப் பெல்ஜியத்தில் விற்றவர்கள் அவர்கள். பெல்ஜியச் சட்டமோ, அது ஸ்காத்லாந்திலேயே செய்யப்பட்டது என்பதற்குப் பிரிட்டிஷ் அதிகாரிகளின் சான்றிதழ் கேட்டது. நேரே பிரிட்டனிலிருந்து வாங்குவோர்க்கு அது எளிது. பிரான்சில் வாங்கியவர்க்கு மிக அரிது. நாடுகளுக்கிடையே நடக்கும் வாணிகத்துக்கு நேராகவோ மறைவாகவோ, இப்பொழுதோ இனிமேலோ இடையூறாகக் கூடிய வாணிக விதி எதுவும் இப்பிரிவில் அடங்கும் என்று நீதிமன்றம் வலையை அகல விரித்தது.

ஐந்தாண்டு கழித்து, 1979-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் வந்த தீர்ப்பு இன்னும் புகழ் பெற்றது. பிரான்சின் டிஜோன் நகர்ப் பகுதியில் ஒருவகைச் சிறு கரும்பழத்திலிருந்து ‘காசிஸ்’ என்னும் இனிப்பு மது செய்கின்றனர். அதில் சாராயச் சத்து நூற்றுக்கு 15 முதல் 20 வரை உண்டு. ஜெர்மானியச் சட்டப்படி அவ்வகை மதுவில் குறைந்தது 25 இருக்கவேண்டும். ஆகவே அது ஜெர்மனியில் விற்கத் தகாதது ஆயிற்று. மதுவைப் பற்றிய வழக்குகளாகவே வருகின்றனவே என்று நீங்கள் முகம் சுளிக்க வேண்டா. அதில் அடங்கிய கொள்கையைப் பாருங்கள். ‘சத்துக் குறைந்த மது மக்களை எளிதில் பழக்கத்துக்கு ஆளாக்கும், ஆகவே உடல்நலம் கருதித் தடுக்கின்றோம்’ என்று ஜெர்மனி வாதித்தது. கடுமையான மதுவைத் தாராளமாக விற்கும் நாட்டில், அம்மதுவிலும் நீர் கலந்தே பலர் அருந்துவதை நீதிபதிகள் எடுத்துக் காட்டினர். வாங்குவோர் ஏமாறாதிருக்க வேண்டுமானால், அளவைப் புட்டியின் மேல் அச்சிட்டால் போதுமே என்றும் கூறினர்.

இத்தீர்ப்பிலிருந்து இரு பெரும் கொள்கைகள் பிறந்தன. ஒரு நாட்டில் சட்டப்படி செய்து விற்கப்படும் பண்டத்தை மற்ற நாடும் ஏற்கவேண்டும் என்பது ஒன்று. மக்களின் உடல்நலம், நுகர்வோர் பாதுகாப்பு, நேர்மையான வாணிகம் போன்ற இன்றியமையாத காரணம் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு உண்டு என்பது மற்றொன்று. இவற்றால் பல விதிகள் சரிந்தன. மார்கரின் என்னும் செயற்கை வெண்ணெயைக் கனசதுரப் பெட்டியில் மட்டுமே விற்கலாம் என்றிருந்த பெல்ஜிய விதி 1982-இல் தவறென முடிவாயிற்று. பவேரியாவில் 1516-ஆம் ஆண்டில் பிறந்த பழைய ஆணையின் வழிவந்த ஜெர்மானியப் பீர் விதியும் 1987-இல் அயல்நாட்டுப் பீரைத் தடுக்க இயலாது போயிற்று.

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழும். ‘நூற்றாண்டுகளாகப் போற்றிய முறையை வாணிகத்துக்காகக் கைவிட வேண்டுமா? ஊருக்கு ஊர் வேறான சுவையெல்லாம் மறைந்து போகாதா?’ இந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆனால், தீர்ப்பு என்ன சொன்னது என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். பழைய முறையில் காய்ச்சக் கூடாது என்று அது ஜெர்மானியருக்குச் சொல்லவில்லை. வேறு முறையில் காய்ச்சுவோரைத் தடுக்காதே என்றே சொல்லிற்று. இன்றும் ஜெர்மானியர் பலர் அப்பழைய ஆணையின்படி செய்ததாகத் தம் புட்டிகளில் பெருமையோடு அச்சிடுகின்றனர். மரபைச் சட்டத்தின் சுவருக்குள் பூட்டி வைப்பது ஒரு வழி. மக்கள் அறிந்து விரும்பி ஏற்கும்படி செய்வது மற்றொரு வழி. நீதிமன்றம் காட்டியது இரண்டாவது வழி.

அப்படியானால் ஒரு நாடு தன் மக்களைக் காக்கவே முடியாதா? முடியும். ஒழுக்கம், பொது அமைதி, மக்கள், விலங்கு, பயிர் ஆகியவற்றின் உயிரும் நலமும், நாட்டின் கலைச் செல்வங்கள் போன்றவற்றைக் காப்பதற்காகத் தடை விதிக்கலாம் என்று 36-ஆம் பிரிவே இடமளிக்கின்றது. ஆனால், அது மாறுவேடம் பூண்ட வாணிகத் தடையாக இருத்தல் ஆகாது. 1981-ஆம் ஆண்டில் கோழி நோயைக் காரணம் காட்டிப் பிரிட்டன் பிரான்சு முதலிய நாடுகளின் கோழி வகைகளைத் திடீரெனத் தடுத்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி விற்கும் காலத்துக்குச் சற்று முன்னே இது நடந்தது! நோயைவிடப் போட்டிக்கு அஞ்சியே இத்தடை பிறந்தது என்பதை மறு ஆண்டில் நீதிமன்றம் கண்டுகொண்டது.

நேர்மையான நோக்கத்துக்கு நீதிமன்றம் மதிப்பளித்ததும் உண்டு. டென்மார்க்கு நாடு பீரையும் குளிர்பானங்களையும் திருப்பித் தரக்கூடிய புட்டிகளிலேயே விற்கவேண்டும், புட்டிக்கு முன்பணம் வாங்கவேண்டும் என்று விதித்தது. சுற்றுப்புறத்தைக் காப்பதும் தடைக்கு ஏற்ற காரணமே என்று 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அம்முறையை ஏற்றது. ஆனால், அரசு ஒப்புதல் தந்த வடிவப் புட்டிகளையே பயன்படுத்த வேண்டும், மற்றப் புட்டிகள் சிறிதளவுக்கு மேல் கூடா என்ற பகுதியை மட்டும் நீக்கிற்று. தேவையான அளவு தடுக்கலாம். அதற்கு மேல் அணுவளவும் தடுக்கலாகாது. இந்த அளவறிதலே சட்டத்தின் உயிர்நாடி.

இன்னும் ஓர் இணை வழக்குகளைச் சொல்லவேண்டும். பிரெஞ்சு உழவர் சிலர் ஆண்டுக்கணக்காக ஸ்பெயின் முதலிய நாடுகளின் பழங்களும் காய்கறிகளும் ஏற்றிவந்த லாரிகளை மறித்தனர், சரக்கை அழித்தனர், ஓட்டுநரைத் தாக்கினர். பிரெஞ்சு அரசு ஒரு தடையும் விதிக்கவில்லை. ஆனால் போதிய நடவடிக்கையும் எடுக்கவில்லை. வாளாவிருந்ததும் குற்றமே என்று 1997-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. ஆனால், 1998-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் பிரென்னர் மலைப்பாதையில், வண்டிகளின் புகையால் பள்ளத்தாக்கு கெடுகின்றதென்று மக்கள் கூடி, முன்னறிவித்து, அமைதியாக ஏறத்தாழ முப்பது மணி நேரம் சாலையை மறித்தபொழுது, அதை அனுமதித்த அரசின் மீது குற்றமில்லை என்று 2003-இல் முடிவாயிற்று. பண்டத்தின் சுதந்தரம் பெரிதுதான். ஆனால் மனிதன் கூடிப் பேசும் சுதந்தரத்தை அது விழுங்கிவிடக் கூடாது. வன்முறைக்கும் அறப்போராட்டத்துக்கும் உள்ள வேற்றுமையை நம்மைவிட நன்கு உணரக் கூடியவர் யார்?

நீதிமன்றம் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிக்கொண்டிருந்தால் போதாது என்று அரசுகளும் உணர்ந்தன. 1985-ஆம் ஆண்டில் ஏறத்தாழ முந்நூறு பொதுச் சட்டங்களுக்கான திட்டம் வெளியாயிற்று. 1992-ஆம் ஆண்டின் இறுதி கெடுவாக வைக்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு உள்ளெல்லைகளில் சுங்கச் சோதனைகள் நின்றன. நீதிமன்றமும் தன் வலையின் அளவைத் திருத்திக்கொண்டது. எல்லாச் சரக்குக்கும் ஒன்றுபோல் பொருந்துகின்ற விற்பனை முறை பற்றிய விதிகளை 34-ஆம் பிரிவு தீண்டாது என்று 1993-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக் ‘கெக்’ வழக்கில் அது கூறியது.

இச்சட்டத்தின் மதிப்பை அதை விட்டு விலகிய நாட்டின் நிலையிலிருந்தும் அறியலாம். பிரிட்டன் 2020-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் விலகிற்று. அவ்வாண்டின் இறுதியில் பொதுச் சந்தையிலிருந்தும் வெளியேறியது. உடனே எழுந்த சிக்கல் வட அயர்லாந்தைப் பற்றியது. அப்பகுதிக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே மீண்டும் சுங்கச் சாவடிகள் எழுந்தால், 1998-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கிடைத்த அமைதி குலையும் என்று அஞ்சினர். அதனால் பண்டங்களைப் பற்றிய பொதுச் சந்தை விதிகள் பல வட அயர்லாந்தில் இன்றும் தொடர்கின்றன. பிரிட்டனின் மற்றப் பகுதிகளிலிருந்து அங்கே செல்லும் சரக்குகளே சோதனைக்கு உட்பட்டன. அதனால் எழுந்த மனக்கசப்பைத் தணிக்க 2023-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு செய்யவேண்டி வந்தது. ஒரு சாவடி என்பது மரக்கட்டையும் கூரையும் மட்டுமன்று என்பதை இது காட்டுகின்றது.

மாணவர்களே! நீங்கள் நாளை வழக்கறிஞராகலாம், அதிகாரியாகலாம், சட்டம் இயற்றும் மன்றத்திலும் அமரலாம். எந்தத் தடையைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இத்தடையின் உண்மையான நோக்கம் யாது? அந்நோக்கத்தை இத்தடை நிறைவேற்றுகின்றதா? இதைவிடக் குறைந்த இடையூறு உள்ள வழி வேறு இல்லையா? லக்சம்பர்க் நீதிபதிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுவருபவை இவையே. வலியவனுடைய பண்டத்தையும் எளியவனுடைய பண்டத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் துலாக்கோல் இது. அத்துலாக்கோலை இரு பெரும் போர்களில் மோதி அழிந்த நாடுகளே தம் கையால் செய்துகொண்டன என்பதை நினைக்குந்தோறும், மனித அறிவின்மீது நமக்கு நம்பிக்கை பிறக்கின்றது.